கடன் முடிந்த மாதத்தில் வந்தவர்

2024 ஜனவரி 18, காணும் பொங்கலுக்கு மறுநாள். மன்னார்குடியில் உள்ள என் ஆலோசனை அறையை நான் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றிருந்தார். அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். இங்கே வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "எனக்கு ஒரு குறையும் இல்லை மேடம். அதனால்தான் பயமாக இருக்கிறது."

பொங்கலை ஒட்டிய பத்து நாட்களில் இப்படிப்பட்டவர்கள் என்னிடம் அதிகம் வருவார்கள். சென்னை, பெங்களூரு, திருப்பூர் என்று போய் வேரூன்றியதாக ஊரார் நினைத்துக்கொண்டிருக்கும் முப்பது வயதுக்காரர்கள். ஊருக்கு வந்து நான்கு நாள் இருந்ததும், திரும்பிப் போக வேண்டிய ரயிலை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது என்பார்கள். அவர்களில் இவருடைய நிகழ்வை எழுதக் காரணம், ஒன்றரை ஆண்டு முழுவதும் அவர் விடாமல் வந்தார், பேசினார், நான் கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதினார். எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 34. இயந்திரப் பொறியியல் பட்டதாரி, 2012இல் படிப்பை முடித்தவர். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருந்த காலம் அது. படித்த வேலை கிடைக்காமல், கிடைத்த வேலைக்குப் போனவர்களில் இவரும் ஒருவர். சென்னை பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணி. ஒரு நாளைக்கு 130 விண்ணப்பங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். சம்பளம் 52,000 ரூபாய். பள்ளிக்கரணையில் வாடகை வீடு. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. ஐந்து வயதில் ஒரு மகள்.

என்ன செய்கிறது என்று கேட்டேன். தூக்கம் வருகிறது, பசிக்கிறது, வேலையில் தவறு இல்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். இரவு வீட்டுக்கு வந்ததும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்துவார். என்ஜினை அணைத்துவிடுவார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியின் மேலேயே இருபது நிமிடம், சில நாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் யோசிப்பதில்லை. கண்ணாடிக்குள் மூச்சு பட்டுப் பட்டுப் பனி படர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். காவலாளி வந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட பிறகு மாடி ஏறுவார். நான்கு வாரமாக இப்படி.

மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9 வினாத்தாளில் 9 மதிப்பெண் வந்தது. லேசான மனச்சோர்வு என்று கணக்கிடப்படும் வரம்பின் மேல் விளிம்பு அது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்றார். அதை நேரடியாகவும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். தைராய்டு, பி12 இரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் சரியாக இருந்தன. அந்தக் கேள்விக்கு அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் வந்து போகிறது என்றால், ஊரா நகரமா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு இப்போதே 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

அவர் என்னிடம் கொண்டுவந்த கேள்வி தெளிவானது. "வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கலாமா? ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்ததும் குறுவை நெல்லிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்."

இரண்டு புயலுக்கு நடுவில்

அவருடைய ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறுதான் அந்தப் பக்கத்துக்குப் பாசனம். கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, மேலே இருக்கிற ஊர்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு வந்து சேரும் இடம். குடும்பத்துக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். அவர் நோயில் விழுந்த 2005இல் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். அன்று முதல் ஒரே குத்தகைதாரர்தான். இவர் 'மாமா' என்று அழைக்கும் மனிதர்.

அப்பா 2014இல் காலமானார். தங்கையின் கல்யாணம் 2016இல். அந்தக் கடனை அடைத்து நிமிர்ந்தபோது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை ஏறியது. இவர் வீட்டு ஓடுகள் பறந்தன. கொல்லையில் நின்ற பதினோரு தென்னையும் சாய்ந்தன. அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில் பதினெட்டு நாள் இருந்தார். இவர் ஆறு லட்சம் தனிநபர் கடன் வாங்கி ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக மாற்றிக் கட்டினார். மாதம் 13,347 ரூபாய், அறுபது தவணை. முதல் தவணை 2019 ஜனவரி 5.

கடைசித் தவணை எப்போது என்று கேட்டேன். உடனே பதில் வந்தது: 2023 டிசம்பர் 5. சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தெற்குப் பகுதி மிதந்த வாரம் அது. பள்ளிக்கரணையில் அவர் குடியிருந்த தெருவில் தொடை அளவு தண்ணீர். மின்சாரம் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மனைவியையும் மகளையும் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் மூழ்கிய வண்டியைப் பார்த்தபடி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். கையில் இருந்த போனுக்கு எப்படியோ சிக்னல் வந்து, கடன் கணக்கு முடிந்தது என்ற குறுஞ்செய்தி விழுந்திருக்கிறது. ஒரு புயலில் தொடங்கிய கடன் இன்னொரு புயலில் முடிந்தது. மகிழ்ச்சியாக இருந்ததா என்று கேட்டேன். "இல்லை மேடம். இனி எதற்காக இந்த வேலைக்குப் போகிறேன் என்று தோன்றியது" என்றார்.

வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியிருக்கிறது.

நான் தவறவிட்ட ஒரு மாதம்

இந்தத் தேதிகள் முதல் நாளே என் குறிப்பேட்டில் ஏறிவிட்டன. ஆனால் அவற்றின் எடை எனக்குப் புரியவில்லை. வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தை மாற்றிக் கேளுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், ஞாயிறு மாலை போனைத் தொடாதீர்கள் என்று வழக்கமான யோசனைகளைச் சொன்னேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீடியோ அழைப்பில் பேசினோம். அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பிப்ரவரி நடுவில் மதிப்பெண் 9இலிருந்து 11 ஆனது.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெவின்சன், நாற்பது ஆண்களின் வாழ்க்கையைக் கேட்டறிந்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், 28 முதல் 33 வரையிலான வயதைத் தனிக் கட்டமாகப் பிரித்தார். இருபதுகளில் அவசரமாகக் கட்டிக்கொண்ட வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, இதுதானா என்று கேட்கும் வயது அது. நானும் அந்தச் சட்டத்துக்குள் இவரைப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை. டெல்டாவில் ஒரு மூத்த மகன் இருபதுகளில் கட்டுவது தன்னுடைய வாழ்க்கையை என்று சொல்ல முடியுமா? படிப்புக்கு நகை அடகு, தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு வைத்தியம், வீட்டுக்குக் கூரை. சம்பளம் வருகிற முதல் தேதியிலேயே அது போக வேண்டிய இடங்கள் வரிசையாக நிற்கின்றன. அவரும் சலிக்காமல் கொடுக்கிறார். கொடுத்துத் தீர்க்கிற வரைக்கும் அவருக்கு நோய் இல்லை. கடமை தீர்ந்த மாதத்தில்தான் வருகிறது. பாரம் கூடும்போது மனிதர்கள் முறிவார்கள் என்று படித்துவிட்டு வந்த எனக்கு, பாரம் இறங்கிய பிறகு தடுமாறும் இவரைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் பிடித்தது. அதற்கும் அவர் மனைவிதான் உதவினார்.

மனைவி சொன்னது

பிப்ரவரி கடைசியில் இருவரையும் ஒன்றாகப் பேச அழைத்தேன். மனைவி சென்னை வில்லிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் ஊருக்குப் போக நினைப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வேலையை விடத் தேதி குறித்திருப்பது தெரியாது. அன்று என் முன்னால்தான் தெரிந்துகொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலைப் பற்றிப் பேசினார்.

"2017இல் கல்யாணம் ஆகி வந்தபோது வீட்டில் கட்டில் இல்லை மேடம். பாய்தான். எப்படியும் ஊருக்குப் போய்விடப் போகிறோம், எதற்குச் சாமான் சேர்க்க வேண்டும் என்றார். ஏழு வருடம் ஆகிவிட்டது. நான் கர்ப்பமாக இருந்தபோது என் அப்பா ஒரு கட்டில் வாங்கி அனுப்பினார். ரேஷன் அட்டை ஊரில், ஓட்டு ஊரில், கேஸ் இணைப்பு என் அம்மா பெயரில். இவர் என்னோடு சென்னையில் வாழவே இல்லை. மன்னை எக்ஸ்பிரஸ் எப்போது வரும் என்று நடைமேடையில் நிற்கிற மாதிரிதான் இத்தனை நாளும் நின்றிருக்கிறார்."

அவர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம், "நீ சொல்வது சரிதான்" என்றார்.

நகரம் பிடிக்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்கள் பலரிடம் இந்த ஒன்றைப் பார்க்கிறேன். அவர்கள் நகரத்தில் இருந்து பார்த்துப் பிடிக்காமல் போனவர்கள் அல்லர். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது, வீட்டுக்கு அருகில் இருக்கும் நூலகம் தெரியாது, ஒரு மரம் வைத்ததில்லை. ஊரிலும் இல்லை. ஊரில் பங்காளி வீட்டுச் சண்டை எதற்கு என்று தெரியாது, ஏரிக்கரையில் எந்த இடம் உடைந்தது என்று தெரியாது. இரண்டு இடத்திலும் விருந்தாளி. இதை நகரத்தின் குற்றமாகவே நான் பேச மாட்டேன். ஊர்ந்து ஊர்ந்து போகிற போக்குவரத்தும், மழை வந்தால் மிதக்கிற தெருவும் மனிதனை வதைப்பது உண்மைதான். ஆனால் அதே தெருவில் அவர் மனைவிக்குத் தோழிகள் இருந்தார்கள், வெள்ளத்தில் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவர் அவர்களில் ஒருவர்.

அவருக்கு வலுவான ஒரு முன்மாதிரி இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் இயற்கை விவசாய முன்னோடி நம்மாழ்வாரின் உரைகளைத்தான் கேட்பார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், இந்த மண்ணின் மனிதர். "அவரும் 31 வயதில் அரசு வேலையை விட்டவர்தானே மேடம்" என்று கேட்டார். உண்மை. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1963 முதல் வேலை பார்த்து 1969இல் வெளியேறினார் நம்மாழ்வார். எனக்கும் அவர்மீது பெரும் மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் திருப்பிக் கேட்டேன்: அவர் எதை எதிர்த்து வெளியே வந்தார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று அவர் கண்டார். நீங்கள் எதை எதிர்த்து வெளியே வருகிறீர்கள்? என்ன வேலையைத் தேடிப் போகிறீர்கள்? விவசாயம் என்று சொல்லாமல், கையால் செய்கிற ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

பத்து நிமிடம் யோசித்தார். அவரால் சொல்ல முடியவில்லை.

வைகாசி வெயிலில் இருபத்தொரு நாள்

ஊருக்குப் போக வேண்டும் என்பவர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை ஒன்று உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து பார்த்த ஊரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தை மாதத்து டெல்டா யாரையும் மயக்கும். வரப்பு மறைய நெல், வாய்க்காலில் தண்ணீர், வீடு நிறைய ஆட்கள். மே மாதத்தில் வாருங்கள். ஆறு மணலாகக் கிடக்கும். வயல் பாளம் பாளமாக வெடித்திருக்கும். கோடைப் பருத்தி போட்டவர்கள் தவிர மற்றவர்கள் மரத்தடியில் இருப்பார்கள். யாரும் உங்களுக்காக விடுமுறை எடுத்து வந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் இருந்து பாருங்கள்.

சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு 2024 மே 6 முதல் இருபத்தொரு நாள் வந்து தங்கினார். ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். மணிக்கு ஒரு வரி. என்ன செய்தேன், அப்போது மனம் எப்படி இருந்தது. மனத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். செயலூக்கச் சிகிச்சை என்று நாங்கள் சொல்லும் முறையின் முதல் படி இது. மனிதர்கள் தங்களுக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறார்களோ, அதைச் செய்யும் வேளையில் உண்மையில் அவர்களுக்கு அது பல நேரம் பிடிப்பதில்லை. நோட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வாரம் முழுவதும் அவர் எழுதியவை மூன்றும் நான்கும்தான். அம்மாவோடு பேசியது 5. வயலைச் சுற்றி நடந்தது 4. 'வெயில். என்ன செய்வது என்று தெரியவில்லை' என்று ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. எட்டாம் நாள் இரவு, 'திரும்பிப் போய்விடலாமா' என்று எழுதியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் காலை மாமாவின் பவர் டில்லர் கிளம்பவில்லை. சுற்றிச் சுற்றிக் கை சலித்துப்போய், மன்னார்குடியிலிருந்து மெக்கானிக் வர மறுநாள் ஆகும் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இவர் சும்மா பார்க்கப் போனவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகையில் குந்திவிட்டார். டீசல் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே சேறு மாதிரி அடைத்திருந்தது. அதைக் கழுவிப் பொருத்தியும் கிளம்பவில்லை. குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தபோது டீசலோடு குமிழி வந்தது. ஒரு மூட்டின் வாஷர் தேய்ந்து அதன் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தது. பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டி, தற்காலிகமாக ஒரு வாஷர் செய்து போட்டார். காற்று முழுவதும் வெளியேறும் வரை டீசலை ஒழுகவிட்டு, மூட்டை இறுக்கி, சுற்றினார். மூன்றாவது சுற்றில் எந்திரம் பிடித்துக்கொண்டது.

அன்றைய பக்கத்தில் காலை எட்டு மணிக்கு அடுத்த வரி பகல் பன்னிரண்டரைக்கு இருக்கிறது. இடையில் எதுவும் எழுதவில்லை. பன்னிரண்டரை வரியில் மதிப்பெண்ணும் இல்லை. 'மணி பார்க்கவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஓரத்தில் டீசல் கறை படிந்த கட்டைவிரல் ரேகை. பன்னிரண்டு வருடத்தில் தான் படித்த படிப்பைத் தொட்ட முதல் நாள் அது என்று பிறகு சொன்னார்.

அடுத்த பன்னிரண்டு நாளில் தெருவில் இருந்த மூன்று பம்ப்செட், ஒரு தெளிப்பான், ஒரு தையல் இயந்திரம் எல்லாம் அந்தக் கொட்டகைக்கு வந்தன. நோட்டில் எட்டும் ஒன்பதும் வருகிற வரிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

கணக்கு நோட்டு

இன்னொரு நோட்டும் இருந்தது, மாமாவுடையது. நிலத்தைத் தானே எடுத்து நடத்தலாமா என்று அவரிடம் பேசத்தான் இவர் அந்தக் கொட்டகைக்கே போக ஆரம்பித்தார். எந்திரம் கிளம்பிய அன்று மாலை மாமாவே நோட்டை எடுத்து இவர் கையில் கொடுத்திருக்கிறார். முந்தைய சம்பாவின் கணக்கு. இவர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

ஆறு மாவிலும் சேர்த்து 58 மூட்டை, மூட்டை 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய். வரவு 80,388. உழவு, விதை, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை எந்திர வாடகை, சாக்கு, வண்டிக் கூலி எல்லாம் 57,400. மிச்சம் 22,988. அதிலிருந்து இவர் குடும்பத்துக்குக் குத்தகை 12 மூட்டை, பண மதிப்பில் 16,632. மாமாவுக்கு நின்றது 6,356 ரூபாய். ஐந்து மாதம் அவரும் அவர் மனைவியும் வயலில் உழைத்த கூலியை அவர் எழுதவே இல்லை.

அந்த 12 மூட்டையை இவர் வீட்டில் சாப்பாட்டு நெல்லாக எடுத்துக்கொள்வார்கள். "நாங்கள் சின்ன வயதிலிருந்து சாப்பிடுகிற சோறு மேடம்" என்றார் அழைப்பில். குரல் உடைந்துவிட்டது.

சட்டமும் இதில் பேச வேண்டியிருந்தது. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகை பாக்கி வைக்காத சாகுபடிக்காரரை நினைத்தபோது எழுப்பிவிட முடியாது. பத்தொன்பது வருடமாக மாமா ஒரு மூட்டையும் பாக்கி வைக்கவில்லை. ஆனால் இவருக்குச் சட்டத்தைப் பார்க்கும் அவசியம் வரவில்லை. 'என் நிலம்' என்று இத்தனை காலம் கனவில் நின்ற இடத்தில், வேறொருவருடைய முழு வாழ்க்கை இருப்பதை அன்றுதான் பார்த்தார். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

அந்த வாரம் நீர்வளத் துறையின் பொக்லைன் எந்திரம் ஊர் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தது. இருவரும் கரையில் நின்று பார்த்தார்களாம். சம்பளம் முழுவதும் மற்றவர்களுக்கே போய், தான் தன் வாழ்க்கைக்கே கடைமடைக்காரனாக இருந்துவிட்டேன் என்று இவர் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். மாமா கொஞ்ச நேரம் கழித்து, "இப்போதுதான் மேல்மடை எல்லாம் பாய்ந்து முடிந்துவிட்டதே தம்பி. தண்ணீர் உங்கள் பக்கம் வருகிற நேரம் இது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வந்த தண்ணீரும் வயலுக்கு ஏறாது" என்றாராம். இதைக் கட்டாயம் என்னிடம் சொல்ல வேண்டும் என்று இவர் அன்றிரவே அழைத்தார். நான்கு மாதமாக நான் சொல்லத் திணறியதை அந்த மனிதர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் வகுத்த கோட்பாடு மனிதனுக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறது. தானே தேர்ந்து செய்வது, செய்வதில் கை தேர்வது, யாருடனாவது பிணைந்திருப்பது. இவர் மூன்றையும் 'ஊர்' என்ற ஒரே சொல்லில் போட்டு வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தபோது, கை தேர்வதற்கு ஏங்கியது எந்திரத்துக்காக. பிணைப்புக்கு ஏங்கியது அம்மாவுக்காகவும், தான் கவனிக்கத் தவறிய மனைவிக்காகவும். தேர்ந்து செய்தது என்று வாழ்க்கையில் எதுவுமே இல்லை.

மேட்டூர் திறக்காத ஜூன்

2023இல் நீர் குறைந்து அக்டோபர் 10ஆம் தேதியே அணையை மூடியிருந்தார்கள். 2024 ஜூன் 12 வந்தது, திறக்கவில்லை. இவர் குறித்து வைத்திருந்த நாள். வேலையை விட்டிருந்தால் அன்று வறண்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். கர்நாடகத்தில் மழை கொட்டி, அணையின் நீர்மட்டம் உயர்ந்து, ஜூலை 28இல்தான் தண்ணீர் திறந்தார்கள். அதற்குள் இவர் வேறு திசையில் தேடத் தொடங்கியிருந்தார்.

தேடல் எளிதாக இல்லை. 34 வயதில், எந்திரப் பணியில் ஒரு நாள் அனுபவமும் இல்லாதவரை யார் எடுப்பார்கள்? தஞ்சாவூரில் அந்தச் செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவைப் பற்றி விசாரித்தார். அங்கேயும் கணினி வேலைதான், அதே திரை. திருச்சியில் இரண்டு இடத்தில் பயிற்சியாளர் சம்பளம் சொன்னார்கள். ஆறு மாதம் சனிக்கிழமைகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் சம்பளம் இல்லாமல் வேலை பழகினார். பன்னிரண்டு வருடமாக இருந்த அதே சென்னையில், 1960களிலிருந்து இயங்கும் அந்தத் தொழிற்பேட்டைக்குள் அவர் ஒரு முறைகூடக் கால் வைத்ததில்லை. 2025 மார்ச்சில், வேளாண் எந்திரங்களுக்குப் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் களப் பொறியாளராகச் சேர்ந்தார். சம்பளம் 41,000. பதினோராயிரம் குறைவு.

மனைவி ஒப்புக்கொண்டது முழு மனத்தோடு என்று எழுத மாட்டேன். மகளின் பள்ளிக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பதில் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கொரட்டூருக்கு வீடு மாறினார்கள். மனைவி தான் வேலை பார்த்த பள்ளியை மாற்ற வேண்டி வந்தது. அதில் அவருக்கு வருத்தம் இன்னும் இருக்கிறது. "இந்த முறை என் தோழிகளை நான் விட்டுவிட்டு வந்தேன். அவர் அதைக் கணக்கில் எழுதி வைக்கட்டும்" என்றார் என்னிடம். எழுதி வைக்கச் சொன்னேன், எழுதினார்.

ரேஷன் அட்டையைச் சென்னைக்கு மாற்றியது 2025 ஏப்ரலில். அம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பித்தார். அம்மா சரி என்றார், பிறகு இரண்டு நாள் போனில் சரியாகப் பேசவில்லை. முழங்கால் வலி கூடியிருக்கிறது. சென்னைக்கு வர மாட்டேன் என்பதில் மாற்றம் இல்லை. அவருக்கு எழுபது ஆகும்போது யார் பக்கத்தில் இருப்பது என்ற கேள்விக்கு இந்த ஒன்றரை வருடத்தில் விடை கிடைக்கவில்லை. கடைசி மூன்று அமர்வுகளிலும் அதைத்தான் பேசினோம். தை, மாசி அறுவடைக் காலத்தில் டெல்டாவுக்குக் களப்பணி கேட்டு வாங்கியிருக்கிறார். அப்போது இரண்டு மாதம் வீட்டில் இருக்கலாம். மற்ற பத்து மாதத்துக்கு என்ன செய்வது?

கடைசியாகப் பேசியது 2025 ஜூன் 20. வினாத்தாளில் 4. ஞாயிறு மாலைக் கனம் சில வாரங்களில் இன்னும் வருகிறது என்றார். வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பது நின்றுவிட்டதா என்று கேட்டேன். நிற்கவில்லை, ஐந்து நிமிடமாகக் குறைந்திருக்கிறது என்றார். மகள் மாடியிலிருந்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறாளாம்.

அந்த ஆண்டு மேட்டூரை ஜூன் 12இலேயே திறந்துவிட்டார்கள். பேசி முடித்து எழுந்திருக்கும்போது, பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். மன்னார்குடிப் பாலம் வரை வந்துவிட்டது, உங்கள் ஊருக்கு இன்னும் போகவில்லை என்றேன். மாமாவுக்குப் போன் செய்து கேட்கிறேன் என்று இணைப்பைத் துண்டித்தார்.